நான்காவது கன்ட்ரோலர்

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த வீட்டுக் கூடத்தில் நான்கு பேர் உட்கார்ந்துவிட்டால் ஐந்தாவது ஆளுக்குக் கால் நீட்ட இடமிருக்காது. அந்த ஐந்தாவது ஆள்தான் பஞ்சு. நடந்தால் சத்தம் கேட்காது, பேசினால் அதைவிடக் கேட்காது என்பதால் வீட்டில் வைத்த பெயர். ஒன்பதாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டாயிற்று. மூன்று வருடமாக ஒரு லாண்டரியில், யாருடைய துணி எது என்று அடையாளச் சீட்டுக் கட்டும் வேலை.

அண்ணனிடம் உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய கேம் மெஷின் ஒன்று இருந்தது. பழைய வீடியோ கேம்களையெல்லாம் எமுலேட்டர் என்ற மென்பொருள் வழியாக அதில் ஆடலாம். தனியாக என்றால் கையில் பிடித்தபடியே ஆடலாம். நான்கு பேர் என்றால் அதை டிவியில் மாட்டி, ஒயரில்லாத கன்ட்ரோலர்களை ப்ளூடூத்தில் சேர்க்க வேண்டும். அங்கேதான் வம்பு. அந்த மெஷினுக்கு மறதி அதிகம். போன வாரம் கூடிக் குலாவிய கன்ட்ரோலரை இந்த வாரம் யாரென்றே தெரியாததுபோல் முழிக்கும். மறுபடி ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்திப் பிடித்து, அதன் விளக்கு மின்னும்போதே மெஷினில் தேடிப் பிடிக்க வேண்டும். முதலில் சேர்வது ஒன்றாம் நம்பர். எந்த ரேஸ், எந்தப் பாதை என்று தீர்மானிப்பது அந்த ஒன்றாம் நம்பர்தான்.

"பஞ்சு! வந்து சேத்து விடு!"

இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் இந்தக் குரல் வரும். பஞ்சு வருவாள். நான்கும் ஒரே கறுப்பு, ஒரே அச்சு. லாண்டரிப் பழக்கத்தில் நான்கிலும் நான்கு நிற நூல் கட்டி வைத்திருந்தாள். சிவப்பு நூல் அண்ணனுக்கு, அதுதான் எப்போதும் முதலில். பிறகு பெரியம்மா மகனுக்கு. எதிரே வரும் எதையும் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓட்டுவதால் அவனுக்கு லாரி என்று பெயர். மூன்றாவது பக்கத்து வீட்டு ஏசி மெக்கானிக்குக்கு. பச்சை நூல் சித்தப்பாவுக்கு. சேர்த்து முடித்ததும் எழுந்து, கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்ப்பாள். நின்று நின்றே எல்லாப் பாதையின் எல்லா வளைவும் அவளுக்கு மனப்பாடம். ஆடியதுதான் இல்லை.

அன்று சித்தப்பாவுக்கு பேக்கரியில் டியூட்டி.

"நாலாவது காரை கம்ப்யூட்டர் ஓட்டட்டும். ஆரம்பிப்போம்" என்றான் அண்ணன்.

மூன்றைச் சேர்த்து முடித்திருந்த பஞ்சுவின் கையில் பச்சை நூல் கன்ட்ரோலர் இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"நான் ஆடுறேன்."

"யாரு பேசினது?" லாரி சுற்றுமுற்றும் பார்த்தான். "டிவியா?"

"நான்தான். நான் ஆடுறேன்ண்ணா."

"உனக்கு என்ன தெரியும்? பிரேக் எது, ஆக்சிலேட்டர் எது?" என்றான் லாரி.

"உனக்கே பிரேக் எதுன்னு தெரியாது" என்றாள் பஞ்சு. மெக்கானிக் தொடையில் தட்டிச் சிரித்தான்.

அண்ணன் லாரியைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினான். "சரி, ஆடட்டும். குடு இங்க, இன்னிக்கு நானே சேத்துத் தரேன்." திரும்பி உட்கார்ந்து எதையோ நோண்டிவிட்டு நீட்டினான். "இந்தா. மஞ்சள் கார் உன்னுது."

அண்ணன் தன் கையாலேயே சேர்த்துத் தருகிறான் என்றதும் பஞ்சு அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வேறெதையும் பார்க்கத் தோன்றவில்லை. ரேஸ் தொடங்கியது. மஞ்சள் கார் சீறியது. இடது என்றால் இடது, வலது என்றால் வலது. முதல் வளைவில் லாரியை முந்தியது.

"ஐயோ, தங்கச்சி பின்னுதுப்பா!" என்றான் மெக்கானிக், சிரிப்பை அடக்கமாட்டாமல்.

"பறக்குறா, பறக்குறா!" என்றான் லாரி.

இரண்டாவது சுற்றில் பஞ்சுவின் கட்டைவிரல் வியர்த்து வழுக்கியது. துடைக்கக் கையை எடுத்தாள். மஞ்சள் கார் தானாகவே வளைவில் திரும்பி, தானாகவே பாலத்தில் ஏறி, தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். பச்சை நூலுக்குப் பக்கத்தில் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. சேர்ந்த விளக்கு மின்னாது. இந்த வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

அதற்குள் மூன்று பேரும் தலையணையில் முகம் புதைத்துக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அழுகை வந்தது. வந்த வழியே அதை அனுப்பிவிட்டு எழுந்தாள். டிவிக்கு அடியில் இருந்த மெஷினை எடுத்தாள். ப்ளூடூத் பட்டியலைத் திறந்தாள். சிவப்பு நூலை அழித்தாள். அடுத்ததை அழித்தாள். அதற்கடுத்ததையும் அழித்தாள். திரையில் மூன்று கார்களும் அப்படியே நின்றன. மஞ்சள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏய்! என்ன பண்ண?"

"சேத்து விட்டது நான். கழட்டி விட்டதும் நான்."

"ஒழுங்கா மறுபடி சேத்து விடு."

"நீதான் சேக்கத் தெரிஞ்ச ஆளாச்சே. சேத்துக்கோ."

மெஷினை அண்ணன் மடியில் வைத்துவிட்டு, சித்தப்பாவின் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முதல்முறையாகக் கால் மடக்க அவளுக்கு இடமிருந்தது.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூன்று கன்ட்ரோலரையும் அழுத்தினார்கள். மூன்று விளக்கும் மின்னின. மெஷின் எதையோ பிடித்தது, எதையோ விட்டது. கடைசியில் லாரியும் மெக்கானிக்கும் ஒரே காரை ஓட்டினார்கள். ஒருவன் இடது பக்கம் இழுக்க, இன்னொருவன் வலது பக்கம் இழுக்க, கார் நேராகக் கடலுக்குள் இறங்கியது.

"கைய எடுடா!"

"நீ எடு! ஏசியே ரிப்பேர் பண்றேன், இது என்ன பிரமாதம்?"

"நீ ரிப்பேர் பண்ண ஏசிதான் எங்க வீட்டுல வெறும் ஃபேன் மாதிரி ஓடுது!"

அரைமணி நேரம் போயிற்று. அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "அம்மா! இவளப் பாரும்மா! மெஷினைக் கெடுத்துட்டா!"

அம்மா ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "இருபத்தஞ்சு வயசாச்சு. பொம்மைக்குப் பஞ்சாயத்து பண்ண என்னைக் கூப்பிடுறியா? வெக்கமா இல்ல?" போய்விட்டாள்.

அண்ணன் குரலை இறக்கினான். "சரி. தப்புதான். சும்மா தமாஷுக்குப் பண்ணோம். இப்போ சேத்து விடு."

"எனக்கேவா காது குத்துறீங்க? ரெண்டு வருஷமா இந்த விளக்கைத்தான் பாத்துட்டு நிக்குறேன்." பஞ்சுவின் குரல் நடுங்கியது. ஆனாலும் நிற்கவில்லை. "சேக்குறேன். என்னுது முதல்ல."

"அதெல்லாம் முடியாது. மெஷின் என்னுது."

"மெஷினை வெச்சுக்கோ. தனியா கையில பிடிச்சு ஆடு."

லாரி தன் கன்ட்ரோலரைத் தரையில் வைத்தான். "விடுடா. ஒரு நம்பர்தானே. எனக்குக் கை அரிக்குது."

அண்ணன் மெஷினை நீட்டினான், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

பஞ்சு பச்சை நூலைச் சேர்த்தாள். விளக்கு மின்னுவதை நிறுத்தி, அசையாமல் எரிந்தது. பிறகு மற்றவற்றையும், ஒன்றுகூட விடாமல், ஒழுங்காகச் சேர்த்தாள். அண்ணன் நான்காம் நம்பர். பாதையை அவள்தான் தேர்ந்தெடுத்தாள்.

கதவருகே நின்று மனப்பாடம் செய்த வளைவுகள் கைக்கு வந்து சேரவில்லை. சுவரில் மோதினாள். பாலத்திலிருந்து விழுந்தாள். லாரி வந்து இடித்தான், மறுபடி விழுந்தாள். முடிவில் நான்கு பேரில் நான்காவதாக வந்தாள், வெகு தூரம் பின்னால்.

"இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றான் அண்ணன். "கடைசியில வந்திருக்க!"

"ஆமா. கடைசியில வந்தது நான்தான், கம்ப்யூட்டர் இல்ல" என்றாள் பஞ்சு. இந்த முறை அவள் குரல் சமையலறைவரை கேட்டது. இருப்பதிலேயே கடினமான பாதையைத் தேடி எடுத்து அழுத்தினாள்.