டின் இல்லாத அறுவடை

ஓல்சனின் வயலில் இன்னும் இரண்டு சுற்றுதான் பாக்கி என்று தெரிந்ததுமே மார்லா கரி அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள். ஒரு பண்ணையை அறுத்து முடித்த அன்று சாயங்காலம் வயலோரத்திலேயே கறி விருந்து போடுவது வெர்னின் குழுவில் வழக்கம். டெக்சாஸில் கோதுமை பழுக்கும்போது கிளம்பி, அது பழுக்கப் பழுக்க வடக்கே நகர்ந்து, கனடா எல்லைவரை போகிற கூலி அறுவடைக் குழு. இப்போது நெப்ராஸ்காவுக்கு வந்திருந்தார்கள். முதலாளி வெர்ன் ஒரு அறுவடை இயந்திரம் ஓட்டினான், மார்லாவின் தம்பி ராய்ஸ் இன்னொன்று. இயந்திரத்தின் தொட்டி நிறைந்ததும் அதன் கூரைமேல் மஞ்சள் விளக்கு சுழலும். உடனே தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த ஹென்னி டிராக்டரை ஓட்டிப்போய், ஓட்டம் நிற்காமலே தானியத்தை வாங்கிக்கொள்வான். மார்லாவுக்குச் சமையல். தூரத்தில் அந்த விளக்கு சுழல்வதை வைத்தே, எத்தனை நேரத்தில் ஆட்கள் சாப்பிட வருவார்கள் என்று சொல்லிவிடுவாள்.

அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலையில் ராய்ஸ் டவுன் கிளினிக்கில் சோதனைக்கு ரத்தம் கொடுக்கப்போகிறான். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு இறங்கியிருந்தால் அவனுடைய சிறுநீரகம் ஒன்று அவளுக்கு. அதை நினைக்கும்போதெல்லாம் சிரிப்பு வந்தது. கூடவே, சொந்தத் தம்பியின் உடம்பிலிருந்து எடுத்துக்கொள்ள இப்படிப் பறக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்தை விடச் சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை. பட்டாணி உரித்துக்கொண்டே பாடினாள், கேட்கச் சகிக்காத குரலில்.

தொண்டைப் புண்ணில் ஆரம்பித்துச் சிறுநீரகத்தில் போய் முடிந்த வியாதி அவளுடையது. இப்போது ஒவ்வொரு இரவும் டிரெய்லர் வீட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் டயாலிசிஸ் எந்திரம் முனகும். ஊர் ஊராக நகரும் வண்டியில் பாதி இடத்தை அதற்கான திரவப் பெட்டிகளே அடைத்துக்கொண்டன. ராய்ஸின் ரத்தமும் அவளுடையதும் பொருந்திவிட்டன என்று தெரிந்த அன்று எல்லாம் முடிந்தது என்றே நினைத்தாள். டெக்சாஸில் டாக்டர் அவனை முழுசாகச் சோதித்தபோதுதான் இடி விழுந்தது. ரத்த அழுத்தமும் ஏறியிருந்தது, கிரியாட்டினினும் ஏறியிருந்தது. தினமும் என்ன குடிப்பாய் என்று டாக்டர் கேட்டார்.

"தண்ணி கொஞ்சம். டின் நிறைய" என்றான் ராய்ஸ்.

டின் என்றால் எனர்ஜி டிரிங்க். தினமும் காலையில் ஒவ்வொரு இயந்திரத்திலும் ஐஸ் பெட்டி நிறைய டின்களை வைத்துவிடுவது வெர்னின் வேலை. தூக்கம் வராது, கை தளராது. தண்ணீர் யாரும் தொடமாட்டார்கள். தண்ணீர் குடித்தால் ஒன்றுக்குப் போக இறங்க வேண்டிவரும். காய்ந்த கோதுமை நிற்கும்போது இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்குகிறவனை வெர்ன் மனிதனாகவே மதிக்கமாட்டான். வெயிலில் வேர்த்துக் கொட்டிக்கொண்டு டின் டின்னாக மேலே மேலே ஊற்றினால் சிறுநீரகம் என்னதான் செய்யும் என்று டாக்டர் கேட்டார். இதையே குடித்துச் சிறுநீரகம் அடியோடு நின்றுபோய்ப் படுக்கையில் வந்து விழுந்தவர்களையும் பார்த்திருக்கிறாராம். அடியோடு நிறுத்து, தண்ணீர் குடி, ஜூலையில் பார்ப்போம், இறங்கினால் மேலே பேசுவோம், இறங்காவிட்டால் நீ கொடுக்க முடியாது என்று முடித்துவிட்டார்.

நிறுத்தினான். முதல் வாரம் தலைவலியில் செத்துப் பிழைத்தான். கொட்டாவி விட்டே தாடை கழன்றுவிடும்போல இருந்தது. தண்ணீர் குடித்துக் குடித்து அவன் இறங்கி ஓடுவதைப் பார்த்து, "வேலிக் கம்பத்துக்கெல்லாம் பாசனம் நடக்குது" என்று ஹென்னி, வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் ரேடியோவில் அறிவிப்பான். வெர்ன் பல்லைக் கடித்துக்கொண்டே தன் இயந்திரத்தை ஓட்டினான். கான்சாஸில் ஒருநாள் ராய்ஸின் காப்பிக் கோப்பையிலிருந்து டின்னின் புளிப்பு மிட்டாய் வாசனை வந்தது. மார்லா அதைப் பிடுங்கி மண்ணில் ஊற்றினாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. அன்றைக்கு, செத்துப்போன அம்மாமேல் சத்தியம் பண்ணினான். அதற்குப் பிறகு ஒரு டின்னையும் தொட்டதாகத் தெரியவில்லை. ஆனால் மார்லாவின் மூக்கு எல்லாக் கோப்பையையும் மோந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

ஓல்சன் வயலின் அறுப்பு முடிந்து எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். ராய்ஸின் தட்டில் இருப்பதிலேயே பெரிய கறித் துண்டாகப் பார்த்து வைத்தாள். உள்ளங்கையைவிடப் பெரிசு, தடிமன் அதற்கேற்றமாதிரி. அவன் முடித்ததும் இன்னொன்று.

"போதும் மார்லா, வெடிச்சிருவேன்."

"வெடிக்கமாட்ட, சாப்பிடுடா. நாளைக்கு ரத்தம் எடுக்கப்போறாங்க, உடம்புல தெம்பு வேணாமா?"

"அவளோட கிட்னிக்குத் தீனி போடுறா" என்றான் ஹென்னி. எல்லோரும் சிரித்தார்கள். மார்லாவும் சிரித்துவிட்டாள். அவளுடைய தட்டில் வழக்கம்போல வியாதிக்காக அளந்து வெட்டிய சின்னத் துண்டு இருந்தது.

காலையில் ராய்ஸ் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தான். அடுத்த பண்ணைக்கு இயந்திரங்களை ஏற்றி, கயிறு கட்டி, மறுபடி இறக்கி, அறுப்பு தொடங்கியும் கிளினிக்கிலிருந்து தகவல் வரவில்லை. கொடுப்பவன் சங்கதியைக் கொடுப்பவனிடம்தான் சொல்வார்களாம், வாங்குகிறவளுக்குச் சொல்லமாட்டார்களாம். அதனால் மார்லா தம்பியின் முகத்தையே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்தாள். அறுப்பு தொடங்கிய மறுநாள் மத்தியானம் சாப்பாடு வாங்க வந்தவன் கையில் போன் இருந்தது. அவன் வாய் திறப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இறங்கலையா?"

"போன தடவையைவிடக் கொஞ்சம் கூட."

கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள். குழம்பு அவள் முழங்கைவரை தெறித்தது.

"எத்தனை டின்னுடா குடிச்ச?"

"ஒண்ணுகூட இல்ல."

"காதுல பூ சுத்தாத. கான்சாஸ்லயும் இதையேதான் சொன்ன. குடுக்க இஷ்டம் இல்லன்னா வாயத் தொறந்து சொல்லிட்டுப் போயேன். நான் என்ன உன் கழுத்துல கத்தியா வச்சேன்? இந்த மிஷினோடயே கிடந்துட்டுப் போறேன். ஒவ்வொரு ராத்திரியும் இதுதான் கடைசி மாசம், இதுதான் கடைசி மாசம்னு நினைச்சுக்கிட்டே தூங்கினேன்டா. அம்மாமேல சத்தியம் பண்ணிட்டு, ஒளிஞ்சு ஒளிஞ்சு குடிச்சிருக்க. மூணு வயசுல உன்னை ஆத்துலேர்ந்து இழுத்துப் போட்டதுக்கு இதுவா?"

ஆற்றுப் பேச்சை இழுத்திருக்கவேண்டாம் என்று சொல்லி முடித்ததும் தோன்றியது. ஆனால் நிறுத்த முடியவில்லை. அவன் சோம்பேறித்தனம், விவாகரத்து, போன கிறிஸ்துமஸுக்கு வராதது என்று எல்லாவற்றையும் இழுத்தாள். ராய்ஸ் டிரெய்லர் படியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொண்டு, தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து நிதானமாகக் குடித்தான்.

"முடிச்சிட்டியா? இப்ப நான் பேசலாமா?"

அவள் முழங்கையில் தெறித்த குழம்பைத் துடைத்தாள்.

"போன்ல பேசின நர்சம்மா, ரத்தம் குடுத்ததுக்கு முந்தின ராத்திரி என்ன சாப்பிட்டேன்னு கேட்டாங்க. எங்க அக்கா கைப்பக்குவம், நெப்ராஸ்காவுலயே பெரிய கறி ஸ்டேக், ஒண்ணு இல்ல, ரெண்டுன்னு பெருமையாச் சொன்னேன். கேட்டுட்டுச் சிரிச்சாங்க."

"எதுக்குச் சிரிக்கணும்?"

"கறி தின்னாலே அந்தக் கிரியாட்டினின் நம்பர் ஏறுமாம். அதுவும் இந்த அளவுக்குத் தின்னா ரொம்பவே ஏறுமாம். சோதனைக்கு முன்னாடி தின்னக்கூடாதுன்னு டெக்சாஸ்லயே சொன்னாங்களாம். எனக்கு டின் சங்கதி மட்டும்தான் காதுல விழுந்துச்சு. பிரஷர் நல்லா இறங்கியிருக்காம். கறி தொடாம இருந்துட்டு மறுபடி ரத்தம் குடுக்கணும்."

மார்லா அடுப்பின்மேல் கையை ஊன்றப்போய், சூடு பட்டுக் கையை உதறிக்கொண்டாள். எத்தனையோ வருஷமாகத் தன் தட்டில் விழும் ஒவ்வொரு துண்டையும் அளந்து தின்றவள் அவள். தம்பியின் தட்டை அளக்கவேண்டும் என்று புத்தியில் படவேயில்லை. அவன் வேண்டாம் என்றுதான் சொன்னான். அவள்தான் ஊட்டாத குறையாக வைத்தாள்.

"இதை முதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?"

"நீ எங்க விட்ட? அதோட, கிறிஸ்துமஸ் வரைக்கும் வந்துட்ட, மிச்சத்தையும் கேட்டுரலாம்னு பார்த்தேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தொப்பியைப் பிடுங்கி அதாலேயே அவனை அடித்தாள்.

அன்றிலிருந்து அவனுக்கு பீன்ஸ், உருளைக்கிழங்கு, ரொட்டி, முட்டைக்கோஸ். தனித்தனியாகச் சமைக்க அவளால் முடியாது என்பதால் எல்லோருக்குமே அதுதான். "முயலுக்குப் போடுறதை எனக்குப் போடுற" என்று ஹென்னி புலம்பினான். வெர்ன் மட்டும் மறுபேச்சில்லாமல் இரண்டு தட்டு சாப்பிட்டான். மறுநாள் காலை அவன் ராய்ஸின் ஐஸ் பெட்டியில் தண்ணீர்ப் பாட்டில்களை அடுக்குவதைப் பார்த்தாள். அப்புறம் தன் பெட்டியிலும் இரண்டு போட்டுக்கொண்டான், யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில்.

ராய்ஸ் மறுபடி ரத்தம் கொடுத்துவிட்டு வந்தான். தகவலுக்குக் காத்திருந்த அன்று, மேற்கே மேகம் கட்டிக்கொண்டு நின்றதால் மழைக்கு முன் முடித்துவிட வெர்ன் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தான். மார்லா வயலோரத்தில் நின்று பீன்ஸைக் கிளறினாள். ஹென்னி தானியத்தை லாரியில் கொட்டிவிட்டு டிராக்டரை அவள் பக்கத்தில் நிறுத்தினான்.

"என்ன அது? இப்பதானே அவன் தொட்டியக் காலி பண்ணிட்டு வந்தேன்" என்றான்.

வயலின் நட்டநடுவில் ராய்ஸின் இயந்திரம் நின்றிருந்தது. காய்ந்த கோதுமைக்கு நடுவே, மேகம் தலைக்குமேல் வந்துவிட்ட நேரத்தில். அதன் கூரைமேல் மஞ்சள் விளக்கு சுழன்றுகொண்டிருந்தது. ரேடியோவில் வெர்ன் திட்டுவான் என்று ஹென்னி காதைத் தீட்டினான். திட்டு வரவில்லை. கொஞ்ச நேரத்தில் வெர்னின் இயந்திரமும் நின்றது.

மார்லா அடுப்பை அணைத்தாள். கரண்டி கையிலேயே இருப்பதை மறந்து, அறுத்த தாள்கள் கணுக்காலில் குத்த, வயலுக்குள் நடக்க ஆரம்பித்தாள். பாதி தூரத்தில், இயந்திரத்தின் படியில் நின்று போனையும் தொப்பியையும் ஆட்டுகிற ராய்ஸ் தெரிந்ததும், நடை ஓட்டமானது. முதல் தூறல் விழுந்தது. விளக்கு இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.