வெளி ஆளுக்கு மாற்றும் பம்ப்

என் தம்பி மெக்கானிக். அதனால் என் டாக்ஸியை வேறு யாரும் தொட்டதில்லை. அந்தப் பெருமைக்குத்தான் இன்று நடுரோட்டில் நின்றேன். பின்சீட்டில் விமானத்தைப் பிடிக்க வேண்டிய ஒரு பெண்மணி, கடிகாரத்தையும் என் பின்னந்தலையையும் மாறி மாறி முறைத்துக்கொண்டிருந்தாள்.

அவளை வேறொரு வண்டியில் ஏற்றிவிட்டு, என் வண்டியை இன்னொரு டாக்ஸியின் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு தம்பியின் பட்டறைக்குப் போனேன். பெல்ட் கவரைக் கழற்றியதும் அவன் முகம் சுண்டிப்போனது. போன மாதம்தான் அவனே போட்ட புது டைமிங் பெல்ட், நார் நாராகக் கிழிந்து கிடந்தது. அந்த பெல்ட் சுழற்றுகிற பழைய வாட்டர் பம்ப் இறுகிப்போய், எவ்வளவு திருப்பியும் அசையவில்லை.

"பம்ப் இறுகினதுல பெல்ட் அறுந்து, இன்ஜினுக்குள்ள வால்வெல்லாம் வளைஞ்சிருக்கும் அக்கா. இன்ஜினை இறக்கணும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த வண்டி ஓடினால்தான் என் வீட்டில் அடுப்பு எரியும் என்பது இவனுக்குத் தெரியாதா?

"பெல்ட் மாத்தும்போதே பம்பையும் மாத்திடணும்னு நீதானே வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லுவே?"

"ஆமா. ரெண்டுக்கும் ஒரே பிரிப்பு வேலைதான்."

"அப்ப என் வண்டியில ஏன் மாத்தலை?"

துணியை எடுத்தான். துடைத்த விரலையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"ஒழுகலை அக்கா. லேசா ஆட்டம் இருந்துச்சு, அவ்வளவுதான். வெளி ஆளா இருந்தா யோசிக்காம மாத்தியிருப்பேன். நீ நம்ம வீட்டு ஆளாச்சே, வீண் செலவு எதுக்குன்னு விட்டுட்டேன்."

ஆட்டம் இருந்ததாம். கையால் ஆட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டே மூடி வைத்திருக்கிறான் மகராசன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

பக்கத்தில் யாருடையதோ ஒரு கார் பிரிந்து நின்றது. அதற்கு மாட்ட வேண்டிய புது பெல்ட்டும் புது பம்பும் மேசைமேல் தயாராக இருந்தன. யாரென்றே தெரியாத ஒருவனுக்குக் கிடைத்த அக்கறை, இவனை இடுப்பில் சுமந்து வளர்த்த எனக்குக் கிடைக்கவில்லை.

"கோவிச்சுக்காதே அக்கா. நானே சரி பண்ணித் தர்றேன். நமக்குள்ள என்ன இருக்கு?"

சாவியை மேசைமேல் போட்டுவிட்டு வாசலுக்குப் போய், வாடிக்கையாளர்கள் காத்திருக்கிற பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"அங்க ஏன் உக்கார்றே? உள்ள வா அக்கா."

"நான் வெளி ஆள்," என்றேன். "அப்படி நினைச்சே வேலையைப் பாரு."