அம்மாவின் மூக்கு

அம்மா இறந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. மகள் அவள் தலையை மடியில் ஏந்திச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். பின்மண்டையில் முடி முளைக்காத தழும்பு வந்ததும் சீப்பு நின்றது. குளியலறையில் வழுக்கி விழுந்ததாகத்தான் எல்லோரிடமும் பேச்சு. மகளிடம் மட்டும் உண்மையையும், அந்த அடியில் என்ன போயிற்று என்பதையும் சொல்லி, "போனது அப்பா காதுக்கு எட்டக் கூடாது" என்று வாயைக் கட்டியிருந்தாள் அம்மா.

அப்பா தோட்டத்திலிருந்து வந்தார். கையில் ஒரே ஒரு பன்னீர் ரோஜா. ஓர இதழ்களைப் பூச்சி அரித்திருந்தது.

"இன்னிக்குமா கஞ்சத்தனம், அண்ணா?" என்றாள் அத்தை. "நாலு பூ பறிச்சா செடி கோவிச்சுக்குமா?"

"மத்ததெல்லாம் விதைக்கு விட்டிருக்கேன்."

பூவை அம்மாவின் மூக்கருகே வைத்தார். அது நழுவிக் கன்னத்தில் சாய்ந்தது.

"விதையில வர்ற செடி ஒண்ணு மாதிரி ஒண்ணு மணக்காது" என்று வந்திருந்தவர்களிடம் ஆரம்பித்தார். "காலையில ரெண்டு பூவை இவ மூக்குல காட்டுவேன். இதுதான் ஒசத்தின்னு சொல்லிடுவா. அந்தச் செடியை வெச்சுக்கிட்டு மத்ததைப் பிடுங்கிப் போட்டுடுவேன். ஒரு நாள்கூடத் தப்பினது கிடையாது. என் மூக்கு சொன்னதையேதான் இவளும் சொல்லுவா."

"கொடுத்து வெச்சவ" என்றாள் அத்தை. "எனக்கு வாய்ச்சவர் வெங்காயத்தைத்தான் நீட்டுவார், உரின்னு."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

மகள் மறுபடி சீப்பை எடுத்தாள். பேசாமல் இருந்துவிடலாம். எல்லாம் முடிந்ததும் பஸ் ஏறி ஆய்வுக்கூட வேலைக்குத் திரும்பிவிடலாம். அம்மா கேட்டதும் அதைத்தான்.

"நீ வேலையை விடறதா எழுதிக் கொடுத்துட்டு வந்துடு" என்றார் அப்பா, அவள் பக்கம் திரும்பாமலே. "புதுச் செடியெல்லாம் மொட்டு விட்டிருக்கு. உனக்கு அப்படியே உங்கம்மா மூக்கு. இனிமே காலையில நீ நில்லு."

"வேற எதுக்குப் பொண்ணு?" என்றாள் அத்தை.

மகள் அம்மாவின் தலையைத் தரையில் மெல்ல இறக்கி வைத்தாள்.

"அம்மா எதையும் மோந்து சொல்லலப்பா."

"என்ன உளர்றே?"

"ஒரு மொட்டைக் கிள்ளினதுக்காக அம்மா தலையைச் சுவத்துல மோதினீங்களே, அன்னிக்கே வாசனை போயிடுச்சு. அடுப்புல பால் கருகினாகூட அம்மாவுக்குத் தெரியாது. நீங்க பூவை நீட்டும்போது, எதுக்கு உங்க புருவம் ஏறுதுன்னு பார்த்துத்தான் சொல்லிட்டிருந்தா."