இந்த வருஷத்துப் படம்

மீசை வேண்டாம். போன வருஷம் அப்பா அண்ணனுக்கு மீசை வைத்துச் சொல்லவில்லை. இப்போது வைத்தால் எப்போதிலிருந்து என்று அம்மா கேட்பாள். கன்னத்தில் கொஞ்சம் சதை போடட்டும், முப்பத்துநாலு வயதுக்குப் பொருந்தும். நெற்றி ஏறியிருக்கிறது என்று சொல்லலாமா? வேண்டாம், அம்மாவுக்கு வருத்தமாகிவிடும்.

"என்னடி, வாயில கொழுக்கட்டையா?" என்றாள் அம்மா பூங்காவனம். "படத்தக் கையில வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் பாப்ப? சொல்லு."

சிவகாமசுந்தரி கையிலிருந்த படத்தை மறுபடி பார்த்தாள். அதில் நின்றவனுக்கு அடர்ந்த மீசை இருந்தது. அவன் அவளுடைய அண்ணன் தேவதாஸ் இல்லை. எப்போதோ கப்பலிலிருந்து இறங்கி, மலாக்காவின் காஜா பேராங்கில் இருக்கும் இவர்களுடைய ஸ்டுடியோவுக்கு வந்து படம் பிடித்துக்கொண்டு, வாங்க வராமலே போய்விட்ட யாரோ ஒருவன். அவனுக்குப் பின்னால் தெரிந்த ஆறும் பாலமும் அப்பா திரைச்சீலையில் எழுதிவைத்தவை.

அடுத்த அறையில் அப்பா ராஜரத்தினத்தின் மூச்சு, ஈர மரத்தை வாள் அறுப்பதுபோல் இழுத்து இழுத்து நின்றது. பேச்சு நின்று மூன்று நாளாயிற்று. அதற்கு முன்பே மகளை அருகில் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "அலமாரியில கடைசிக் கவரு. இந்த வருஷத்துப் படம். இனிமே நீதான் சொல்லணும்." கேட்கிற குரலில்லை, சாவிக்கொத்தைக் கொடுக்கிற குரல்.

அண்ணன் போனது ஜப்பான் காலத்தில், நாற்பத்துமூன்றாம் ஆண்டு ஆகஸ்டில். ஒலிபெருக்கி கட்டிய லாரி தெருத் தெருவாக வந்து, திடலில் இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூவியது. இருபது வயதுப் பையன், பார்க்கப் போனான். பார்க்கப் போன ஆம்பிளைகளையெல்லாம் அப்படியே வளைத்து ரயிலேற்றி, சயாம் தண்டவாள வேலைக்குக் கொண்டுபோனார்கள். அதே கூட்டத்தில் பிடிபட்ட யூனுஸ் மட்டும் நாற்பத்தாறில் எலும்பாகத் திரும்பி வந்தான். வந்தவன் நேரே ஸ்டுடியோ இருட்டறைக்குள் போய், அப்பாவிடம் ரகசியமாகச் சொன்னான். வாந்திபேதி. இரண்டே நாள். மூங்கில் காட்டில் மற்றவர்களோடு சேர்த்து மூடினார்கள்.

அண்ணன் போனபோது பன்னிரண்டு வயதாக இருந்த சிவகாமிக்கு யூனுஸ் வந்தபோது பதினைந்து. கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டாள்.

அம்மாவுக்கு மட்டும் சொல்லவில்லை. மரவள்ளிக்கிழங்கே சோறாக இருந்த அந்த வருஷங்களில் மங்கத் தொடங்கி, சண்டை முடிந்தபோது அவளுக்குப் பார்வை முழுசாகப் போயிருந்தது. நாற்பத்தேழில், மகன் வராமல் சாப்பிடமாட்டேன் என்று படுத்தும் விட்டாள். அந்த ஆகஸ்டில் முதல் படம் "சயாமிலிருந்து" வந்தது. அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான், எல்லை தாண்டக் காகிதம் கிடைக்கவில்லை, எழுதக் கூச்சப்பட்டுப் படம் மட்டும் அனுப்புகிறான் என்று அப்பா சொன்னார். அன்று ராத்திரி அம்மா கஞ்சி குடித்தாள். அப்புறம் ஆகஸ்டுக்கு ஒரு படம். இது பதினோராவது.

சொல்வதற்கு அப்பா ஒரு முறை வைத்திருந்தார். ஸ்டுடியோவுக்கு வந்துபோகும் அத்தனை பேருடைய படத்தையும் சாயங்காலத்தில் அம்மாவுக்குச் சொல்வார். முதலில் எத்தனை பேர். பிறகு யார் எங்கே நிற்கிறார்கள், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, உடுப்பு, கை. முகம் கடைசியில்தான். முகத்தை முதலில் சொல்லிவிட்டால் மற்றதைக் கேட்கமாட்டார்கள் என்பார். புக்கிட் பாருவிலிருந்து வந்த சீன முதலாளி தவுக்கேயின் சட்டைப் பொத்தான்கள் அவர் வயிற்றின்மேல் சண்டை போட்டுக்கொள்வதாக அப்பா சொன்ன நாளில், அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறி விழுந்தாள். யாருக்கும் அவர் ஒன்றைக் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. வருஷத்துக்கு ஒரு படத்தைத் தவிர.

"ஒரு ஆளு," என்று ஆரம்பித்தாள் சிவகாமி. "அண்ணன். பின்னால ஆறு, பாலம். வெளிச்சம் இடது பக்கமா விழுது. வெள்ளச் சட்ட, முழங்கை வரைக்கும் மடிச்சு விட்டிருக்காரு."

"பையில பேனா?"

"இருக்கு."

"அப்புறம்?"

"பக்கத்துல..." வாய் தானாக ஓடியது. "பக்கத்துல ஒரு பொம்பளப் புள்ள நிக்குது. மூணு வயசிருக்கும். அண்ணன் வெரலப் புடிச்சிருக்கு."

படத்தில் அப்படி யாரும் இல்லை. அப்பாகூட இவ்வளவு தூரம் போனதில்லை. சொன்ன பிறகுதான் தெரிந்தது, அந்தக் குழந்தையை அவளால் பார்க்க முடிந்தது. சுருட்டை முடி, ஒரு காலில் மட்டும் கொலுசு. எவ்வளவு சுலபமாக வருகிறது! அந்தச் சுலபம்தான் பயமாக இருந்தது. அண்ணனின் முகத்தைச் சொல்ல அவள் மனதுக்குள் தேடினாள். சதை போட்ட கன்னம் கிடைத்தது, மடித்த சட்டை கிடைத்தது. சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு போனானே, அந்த இருபது வயது முகம் கிடைக்கவில்லை. பதினோரு படங்கள் அதன்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன.

"மொகம்?" என்றாள் அம்மா.

"நல்லா இருக்காரும்மா."

பூங்காவனம் கையை நீட்டிப் படத்தை வாங்கினாள். கட்டைவிரல் விளிம்போடு மெதுவாகப் போய், கீழ்மூலையில் நின்றது. வருஷா வருஷம் இப்படித்தான் தடவுவாள். பிள்ளையைத் தடவுகிறாள் என்று சிவகாமி எப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அப்போது தெருவில் அந்தச் சத்தம் கேட்டது. ஒலிபெருக்கி வைத்த வேன் ஒன்று, மலாயிலும் தமிழிலும் மாறி மாறிக் கூவிக்கொண்டு வந்தது. மெர்டேக்கா சுதந்திர தினத்துக்கு இன்னும் ஐந்தே நாள். திடலில் ஆட்டம் பாட்டம் உண்டு. இலவசமாகப் படம் காட்டப்படும், அனைவரும் வருக.

வேன் வீட்டைத் தாண்டி, சந்து திரும்பி, சத்தம் தேய்ந்து அடங்குகிற வரைக்கும் இருவரும் அசையவில்லை. அடங்கிய பிறகு வீடு முன்பைவிட அமைதியாக இருந்தது. ஏன் என்று சிவகாமிக்கு உடனே விளங்கவில்லை.

"மூச்சு நின்னுருச்சு," என்றாள் அம்மா.

*

மத்தியானத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. ஸ்டுடியோ நாற்காலிகளை வாசலுக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் வரிசையாகப் போட்டார்கள். செமாபோக்கிலிருந்து வந்து ஒரு வாரமாக அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா நல்லையா, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் ஓடியாடிச் செய்தார். மேகம் தாழ்ந்து கறுத்திருந்தது. மழை வருவதுபோல் இருந்துகொண்டே, வராமல் இருந்தது.

"மூஞ்சப் பாரு, தூங்குற மாதிரி," என்றாள் ஒரு கிழவி.

"அந்தாளு எங்கடி தூங்குனாரு?" என்றாள் இன்னொருத்தி. "வாசல்ல பாதி மலாக்காவே படத்துக்கு நின்னுச்சு. குடியுரிமைக்குப் படம், பாஸ்போர்ட்டுக்குப் படம். எம் மூஞ்சியக்கூட மனுஷ மூஞ்சி மாதிரி புடிச்சுக் குடுத்தாரு."

"அதான் ஆபீஸ்ல நம்பமாட்டேன்னுட்டானாக்கும்."

மெல்லிய சிரிப்பு எழுந்து உடனே அடங்கியது. பூங்காவனம் கணவரின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் அவருடைய கணுக்காலைப் பிடித்திருந்தாள். அழவில்லை. வந்த முதல் ஆளிடம் கேட்டதையே ஒவ்வொருவரிடமும் கேட்டாள்.

"தேவதாஸுக்குத் தந்தி குடுத்தாச்சா?"

வந்தவர்கள் நல்லையாவைப் பார்த்தார்கள். நல்லையா கூரையைப் பார்த்தார்.

"அவன் வராம எடுக்கக் கூடாது. கொள்ளி வைக்க வேண்டியவன் அவன்தான். ஒரு நாளோ ரெண்டு நாளோ, ஐஸ் வச்சு வைங்க."

"அண்ணி, சயாம் என்ன பக்கத்துத் தெருவா?"

"படம் வருதுல்ல? படம் வர்ற வழியில ஆளு வரமாட்டானா?"

நல்லையா சிவகாமியின் தோளைப் பிடித்து ஸ்டுடியோவுக்குள் அழைத்துப்போனார். கதவோரம் யூனுஸ் நின்றிருந்தான். ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் துணிக்கடை வைத்திருக்கிறான் இப்போது. சதை வைத்து, நரைத்து, ஆள் மாறிவிட்டான். கண் மட்டும் அன்றைக்கு வந்தவனுடையது.

"நான் சொல்லிர்றேன் தம்பி," என்றான் நல்லையாவிடம், தாழ்ந்த குரலில். "ராஜரத்தினம் அண்ணன் சத்தியம் வாங்கிட்டாரு. பதினோரு வருஷமா பூங்காவனம் அக்கா என் கடைப் பக்கம் வந்தா நான் உள்ள போயி ஒளிஞ்சுக்கிறேன். இப்பவாச்சும்..."

"இப்பவா? ஒரு பொணம் கெடக்குற வீட்டுல இன்னொரு பொணத்தக் கொண்டாந்து போடணுமா, யூனுஸ் பாய்?"

நல்லையா சுவரில் தொங்கிய காலண்டரிலிருந்து அன்றைய தாளைக் கிழித்தார். "இந்தா. இதான் தந்தி. அவனுக்கு ஒடம்பு சரியில்ல, வர முடியல, சித்தப்பாவ வச்சு ஆக வேண்டியதப் பாக்கச் சொல்றான். அவ்வளவுதான். வாசிச்சுரு. பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும்லா."

"சித்தப்பா, இது காலண்டர்..."

"அம்மாவுக்கு என்னா தெரியப்போவுது? எந்தக் காகிதமா இருந்தா என்ன?" அவர் கெட்டவர் இல்லை. கண் கலங்கியிருந்தது. "உங்கம்மா உயிரோட இருக்கணும்னா இத நீ செய்யணும். இனிமே எல்லாமே நீதான்மா."

இனிமே எல்லாமே நீதான். அப்பாவும் இதைத்தான் சொன்னார். அவர்கள் போன பிறகு சிவகாமி மேசையோரம் நின்றாள். இன்றைக்குத் தந்தி. அடுத்த ஆகஸ்டுக்குப் படம். அந்தக் குழந்தைக்கு நாலு வயதாகும், பள்ளிக்கூடம் போகும், பூப்பெய்தும். அண்ணனுக்கு நரைக்கும். இந்த வீட்டில் உட்கார்ந்து அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். செத்தவனுக்கு ஒரு பிடி எள்ளும் தண்ணீரும் இதுவரை யாரும் இறைக்கவில்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு எப்படி இறைப்பது?

எதையாவது பிடித்துக்கொள்ளத் தோன்றி மேசைமேல் கை வைத்தாள். நேற்றுக் காகிதம் வெட்டும் கட்டரில் வெட்டி அடுக்கிய படங்கள், குடியுரிமை மனுவுக்கானவை, கைக்கு அகப்பட்டன. விரல் விளிம்பில் ஓடி, கீழ்மூலையில் ஏதோ நெருடி நின்றது.

மயிரிழை அளவுக்கு ஒரு பிசிறு. அடுத்த படத்திலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

கட்டரின் பிளேடில் ஒரு சின்னப் பல் விழுந்திருந்தது. சண்டைக்கு முன்னால், அம்மாவுக்குக் கண் இருந்த காலத்தில், அவள் கையிலிருந்து பிளேடு நழுவி விழுந்ததில் உண்டான பல். மாற்று பிளேடு வாங்கவே இல்லை. அந்தக் கட்டரில் வெட்டுகிற எந்தப் படத்துக்கும் அதே மூலையில் அதே பிசிறு நிற்கும். பார்வை போன பிறகும் வெட்டிய படங்களை அம்மா மடியில்தான் போடுவார்கள். ஒவ்வொன்றாக எடுத்து, நகத்தால் அந்த மூலையை நீவிவிட்டுத்தான் கவரில் போடுவாள். பதினாறு வருஷத்துக்கு மேலாக அவள் விரல் செய்கிற வேலை.

சிவகாமி உள்ளே ஓடி, அம்மாவின் பிஸ்கட் டின்னைத் திறந்தாள். சயாம் படங்கள் பதினொன்றும் அதில் இருந்தன. ஒவ்வொன்றின் கீழ்மூலையையும் தொட்டுப் பார்த்தாள். எதையும் அம்மா நீவிவிட்டிருக்கவில்லை. அவள் மடிக்கு வராமல் அப்பாவே வெட்டி ஒளித்துவைத்த அவற்றில் பிசிறு அப்படி அப்படியே நின்றது.

முதல் படத்திலேயே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டதா? அப்பாவுக்கு இது தெரியுமா? தெரிந்துதான் வருஷா வருஷம் சொன்னாரா, தெரிந்துதான் அவள் கேட்டாளா? கேட்கவேண்டிய ஆள் கூடத்தில் வாயைக் கட்டிக் கிடத்தப்பட்டிருந்தார்.

வெளியே யாரோ மூங்கிலை வெட்டிக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

*

"அண்ணி, தந்தி வந்துருச்சு," என்றார் நல்லையா, எல்லாருக்கும் கேட்கும்படி. "சிவகாமி, வாசிம்மா."

யூனுஸ் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பூங்காவனம் முகத்தை நிமிர்த்தினாள். அந்தக் கண்கள் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் முகம் நேராக மகளைப் பார்த்தது. அதில் ஆசை இல்லை, ஏமாந்தவளின் ஆவலும் இல்லை. சந்தையில் விலை கேட்டுவிட்டுக் காத்திருக்கிறவளின் முகம்.

"வாசிடி," என்றாள். "உங்கப்பா வாசிக்கிற மாதிரியே வாசி. நான் கேட்டுக்கிறேன்."

அவ்வளவுதான் கேட்டாள். வாசித்துவிட்டால் அம்மா தலையாட்டுவாள் என்று சிவகாமிக்குத் தெரிந்தது. கையை எடுத்துக்கொள்வாள், பாடை எழும், சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். நாளைக்கு விடியும். ஸ்டுடியோ திறக்கும்.

காலண்டர் தாளில் பெரிய சிவப்பு எண்ணில் தேதி இருந்தது. கீழே ராகுகாலம், எமகண்டம். அவள் அதையே பார்த்தாள். வாயில் வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன. உடம்பு சரியில்லை, வர இயலவில்லை, மன்னிக்கவும். எல்லாம் தயாராக இருந்தன. ஒன்றுக்கொன்று தள்ளிக்கொண்டு நின்றன.

அவள் தாளை நல்லையாவிடமே நீட்டினாள்.

"இல்லம்மா," என்றாள். "நான் வாசிக்கல."

"சிவகாமி!" நல்லையா பல்லைக் கடித்தார். "ரெண்டே வரிதானம்மா."

"வேணாம் சித்தப்பா."

குரல் உயரவில்லை. பக்கத்திலிருந்த பெண்களுக்கே சரியாகக் கேட்டிருக்காது. நல்லையா தாளை வாங்கவும் இல்லை, சிவகாமி கையைத் தாழ்த்தவும் இல்லை. யூனுஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

பூங்காவனம் கணவரின் காலை விடாமலே, பாயில் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். பக்கத்தில் மகள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது.