லேசரை ஏமாற்றும் பெட்டி

என் தங்கையின் சிறுநீரகங்கள் இரண்டும் ஒரே வருடத்தில் வேலையை ராஜினாமா செய்தன. முன்னறிவிப்புக் கடிதம்கூடக் கொடுக்கவில்லை. அதன்பிறகு வாரத்துக்கு மூன்று நாள், எழுபது கிலோமீட்டர் தள்ளியிருந்த மருத்துவமனையில், ஒரு இயந்திரம் அவளுடைய ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவித் திருப்பிக் கொடுத்தது. நேரம், மதியம் இரண்டிலிருந்து ஆறு. ஆறு அடித்ததும் அந்த அறையைப் பூட்டிவிடுவார்கள். இருபது நிமிடம் தாமதமாகப் போனால் இருபது நிமிடத்து அழுக்கு அவளோடு வீட்டுக்குத் திரும்பி வரும்.

மாப்பிள்ளை, அதாவது அவள் கணவர், ஓர் அச்சகத்தில் புத்தகம் பைண்ட் செய்பவர். ஒரு மணிக்குத்தான் அவரை வெளியே விடுவார்கள். ஒரு மணி நேரத்தில் எழுபது கிலோமீட்டர். அந்தச் சாலையிலோ அறுபதுக்கு மேல் போகக் கூடாது. கணக்கு உதைத்தது. மாப்பிள்ளை கணக்கை விட்டுவிட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தார். போலீஸ்காரர்கள் லேசர் துப்பாக்கியைக் காட்டி மூன்று முறை அவரைப் பிடித்துவிட்டார்கள். நான்காவது முறை சிக்கினால் இரண்டு வருடத்துக்கு லைசென்ஸ் கிடையாது. எனக்கும் ஓட்டத் தெரியும். ஆனால் கிளட்சை மிதிக்க முழங்கால் என்று ஒன்று வேண்டும். அவளைத் தாங்கிப் பிடித்து பஸ்ஸில் ஏற்றி இறக்கவும் அதே முழங்கால்தான் வேண்டும்.

நான் நாற்பது வருடம் டிவி ரிப்பேர் செய்தவன். எனக்குத் தெரிந்த ஒரே பதில் பெட்டி. பெட்டி செய்தேன்.

விஷயம் எளிது. துப்பாக்கியிலிருந்து வரும் ஒளி காரின் நம்பர் பிளேட்டில் பட்டுத் திரும்பிப் போனால் வேகம் தெரிந்துவிடும். பிளேட்டுக்கு இரண்டு பக்கமும் பட்டன் அளவில் இரண்டு கண்களைப் பொருத்தினேன். ஒளி வந்து விழுந்ததும் அவை தங்கள் பங்குக்கு ஒளியை அள்ளி வீசும்; துப்பாக்கி குழம்பிப்போய் வெறும் கோடுகளைக் காட்டும். உள்ளே பீப் அடிக்கும். மாப்பிள்ளை உடனே வேகத்தைக் குறைத்துவிட்டு ஸ்விட்சை அணைத்துவிட வேண்டும். அணைக்க மறந்தால் போலீஸுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

சோதனைக்கு ஒரு துப்பாக்கி வேண்டுமே. கழித்துக்கட்டிய சாமான்களை ஏலம் எடுக்கும் ஒருவரிடமிருந்து பழைய லேசர் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. மூடிப்போன சிமெண்ட் ஆலைக்குள் ஒரு கிலோமீட்டருக்கு நேர் சாலை இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே போனோம். தங்கையைத் தனியாக விட முடியாது என்பதால் அவளையும் பின்சீட்டில் தலையணையோடு உட்கார வைத்தோம்.

துப்பாக்கியை முதலில் ஆலையின் புகைபோக்கிமேல் நீட்டிப் பார்த்தேன். அது மணிக்குப் பதினொரு கிலோமீட்டர் வேகத்தில் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. நானும் மாப்பிள்ளையும் கொஞ்சம் ஒதுங்கி நின்றோம்.

"மச்சான், இது சரியாத்தான் காட்டுதா?"

"பதினொண்ணைக் கழிச்சுக்குங்க மாப்பிள்ளை."

பின்சீட்டிலிருந்து தங்கை சொன்னாள்: "உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மூளை. அதையும் இன்னைக்கு வீட்ல வச்சுட்டு வந்துட்டீங்க."

முழங்கால் வலியில் அதிக நேரம் நிற்க முடியாததால் ஒரு காலி பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். மாப்பிள்ளை சாலையின் மறுகோடிக்குப் போய் அங்கிருந்து பாய்ந்து வந்தார். முதல் தடவை நூற்றுநான்கு காட்டியது. கண்களைக் கொஞ்சம் நிமிர்த்தினேன். இரண்டாவது தடவை தொண்ணூற்றெட்டு. இன்னும் ஒரு மயிரிழை திருப்பினேன். ஆறாவது தடவை வெறும் கோடுகள். ஏழாவதும் கோடுகள். இருபது தடவை ஓட்டினார். இருபதாவதில் பீப் அடித்த நொடியில் பிரேக், ஸ்விட்ச், பிறகு என் துப்பாக்கியில் அழகாக ஐம்பத்தேழு. சாதுவான மனிதரின் வேகம்.

"பாஸா மச்சான்?"

"டிஸ்டிங்ஷன்!"

தங்கை ஜன்னல் வழியாக வாந்தி எடுத்துவிட்டு, தானும் பாஸ் என்றாள்.

பத்து வாரம் பெட்டி வேலை செய்தது. இரண்டு முறை பீப் அடித்தது. இரண்டு முறையும் மாப்பிள்ளை சாதுவாகிக் கடந்துபோனார். அவள் ஒரு நிமிடம்கூடத் தாமதமாகப் போகவில்லை. கால் வீக்கம் வடிந்து பழைய செருப்பு மறுபடி பொருந்தியது.

பதினோராவது வாரம் போலீஸ்காரர், சாலையைக் கடக்கும் நடைமேம்பாலத்தின் மேல் நின்றார். நான் வாளியில் உட்கார்ந்து, முட்டி உயரத்திலிருந்தே இருபது தடவையும் சுட்டவன். பெட்டியின் கண்களுக்கு அந்த உயரம்தான் உலகம். ஒளி மேலிருந்து பானட்டில் விழுந்தது. பெட்டி வாயே திறக்கவில்லை. காரின் வேகம் தொண்ணூற்றாறு.

அதிலிருந்து பன்னிரண்டாம் நாள், லைசென்ஸ் ரத்து என்று கடிதம் வந்தது. மாப்பிள்ளை அதைப் படித்துவிட்டு நான்காக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார். அதற்குமேல் மடியவில்லை.

"நீங்க நின்னிருக்கலாம் மச்சான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

அந்த வாரம் மூன்று நாளில் ஒரு நாள்தான் போக முடிந்தது, அதுவும் பக்கத்து வீட்டுக்காரர் புண்ணியத்தில். தங்கையின் முகம் ஊதிக் கண்கள் சிறுத்துப்போயின. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே தூங்கினாள். அவளுக்குத் தெரியாமல் நான் பஸ் ஏறி மருத்துவமனைக்குப் போனேன். பஸ்ஸுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. நர்ஸிடம் நேரடியாகக் கெஞ்சினேன்.

"அம்மா, கொஞ்சம் லேட்டா வந்தா சேர்த்துக்க வழி இருக்கா? எந்த மூலைல இருந்தாலும் பரவாயில்ல."

"லேட்டான்னா? மூணு மணி போதுமா?"

"போதும்."

"பக்கத்து ரூம்ல மூணுல இருந்து ஏழு ஓடுது. ஒரு பெட் எப்பவும் காலிதான். வர்றீங்களா?"

"எப்போ இருந்து காலி?"

"நான் வேலைக்கு வந்ததுல இருந்தே. யாரும் கேக்கலையே தாத்தா."

யாரும் கேட்கவில்லை என்பது உண்மைதான். மாப்பிள்ளை வழிகூடக் கேட்காதவர். ஒருமுறை தெரு தவறி, யாரென்றே தெரியாத ஒருவருடைய பிணத்துக்கு மாலை போட்டு, கொஞ்சம் அழுதுவிட்டும் வந்தவர். நானோ கேட்பதற்குப் பதிலாக சால்டரிங் அயர்னைச் சூடாக்குபவன். இரண்டு வருடமாக ஒரு வாய்ச்சொல்லில் தீர்ந்திருக்கும் விஷயத்துக்கு அந்த மனிதர் தொண்ணூறில் பறந்திருக்கிறார்.

திரும்பி வரும் பஸ்ஸில் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். வீட்டு வாசலில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"பஸ்லயே போகலாம் மாப்பிள்ளை. மூணு மணிக்கு இடம் கிடைச்சிருக்கு."

"எப்படி?"

"ஒருத்தர் இருந்தாராம், ரிட்டயர்ட் போஸ்ட்மாஸ்டர். இன்னைக்குக் காலைலதான் மக வீட்டுக்குப் போய்ட்டாராம்."

"உசுரோடதானே?"

"உசுரோடதான். மக வீட்டுக்குப் பக்கத்துலயே மெஷின் இருக்காம்."

மாப்பிள்ளை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ நேத்து வரைக்கும் நமக்கு வேற வழியே இல்ல, இல்லையா மச்சான்?"

"ஏது வழி?"

மறுநாள் பஸ்ஸில் மாப்பிள்ளை டிக்கெட் வாங்க எழுந்துபோனபோது தங்கை என் பக்கம் சாய்ந்தாள்.

"போஸ்ட்மாஸ்டராண்ணே?"

"ஆமா."

"கண்ணாடிக் கதவு வழியா அந்தக் காலிப் பெட்டை ரெண்டு வருஷமா நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். யாரோ வரப்போறாங்கன்னு நினைச்சேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "அவரை நல்லா வச்சுக்கண்ணே. சாகடிச்சுடாத. இவர் தாங்க மாட்டாரு."

அவள் அதற்குப் பிறகு ஏழு மாதம் மூன்று மணிக்குப் போய்வந்தாள். எட்டாவது மாதம், செவ்வாய்க்கிழமை, இயந்திரத்தில் இருக்கும்போதே இதயம் நின்றுவிட்டது. அன்று பஸ் சரியான நேரத்துக்குத்தான் போயிருந்தது.

காரை விற்றாகிவிட்டது. மாப்பிள்ளை இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். வாரம் ஒருமுறை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடியே கேட்பார்.

"போஸ்ட்மாஸ்டர் எப்படி இருக்காராம் மச்சான்?"

நான் கடிதம் வந்தது என்பேன், போன் வந்தது என்பேன். பேத்திக்குக் கல்யாணம் செய்துவைத்தேன். ஒரு ஜலதோஷம் கொடுத்து இரண்டே நாளில் எடுத்துவிட்டேன். போன வாரம் அவர் மாடிப்படி ஏறினார் என்று சொன்னேன்.

"கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டா?"

"பிடிக்காம" என்றேன்.