தேறாதவர்களின் நாற்காலிகள்

அந்த அறக்கட்டளையில் வேலை கேட்டு வந்து தேறாமல் போனவர்களில் சிலர், வீட்டுக்குப் போன பிறகும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. முதலில் அப்படித் தங்கிவிட்டவர் குழந்தைகள் வார்டில் இருபது வருடம் வேலை பார்த்த ஒரு நர்ஸ். அன்று மதியம் அவர் பஸ் ஏறி வீடு போய்ச் சேர்ந்து மாடியில் துணி காயப்போட்டதை அவர் தங்கை பார்த்திருக்கிறாள். அதே நேரம் அலுவலகத்தில், மடியில் கைப்பையோடு அவர் உட்கார்ந்திருப்பதைக் குமாஸ்தா பார்த்தார். விளக்கை அணைக்கலாமா என்று கேட்டார். பதில் வராததால் எரியவிட்டுப் போனார்.

அலுவலகத்தில் ஏழு மேசைகள். சம்பளம் வாங்கியது குமாஸ்தாவும் இயக்குநர் அம்மாவும் மட்டும். ஊரில் அந்த அம்மாவுக்குச் சல்லடை என்று பெயர். தொடக்கத்தில் வாய்ச்சாலகன் ஒருவனை நம்பி வேலைக்கு எடுத்து, அவன் பேச்சில் இல்லாத ஓர் அநாதை விடுதிக்கு மூன்று வருடம் உதவி போய்க்கொண்டிருந்தது தெரிந்தபின் அந்த அம்மா மாறிப்போனார். எழுத்துத் தேர்வு, ஒரு வாரச் சோதனை வேலை, ஐந்து நேர்காணல். கடைசிச் சுற்றில் நர்ஸிடம், இரண்டு ஊரில் ஒன்றுக்குத்தான் உதவ முடியுமென்றால் எந்த ஊர் என்று கேட்டார். போய்ப் பார்க்காமல் சொல்லத் தெரியாது என்றார் நர்ஸ். அந்தப் பதிலுக்கு மதிப்பெண் கிடையாது. ஒன்பது வருடத்தில் எழுநூறு பேர் வந்தார்கள், ஒருவரும் தேறவில்லை. நூலிழையில் தவறிய நான்கு பேர் நர்ஸைப் போலவே தங்கிவிட்டார்கள். பெருக்க வருபவர் அவர்கள் காலைச் சுற்றிப் பெருக்கப் பழகிக்கொண்டார்.

உதவி கேட்டு வந்த கடிதங்கள் ஜன்னல் உயரத்துக்கு ஏறின. மலையடிவாரத்துப் பிரசவ விடுதி ஒன்று, குறைமாதக் குழந்தைகளுக்கு வெப்பப் பெட்டி கேட்டு எழுதிய கடிதம் பதினான்கு மாதம் அடியில் கிடந்தது. அது இயக்குநர் அம்மாவின் கைக்கு வந்த வாரமே அந்த விடுதியின் மருத்துவச்சி இன்னொன்று எழுதியிருந்தார். இந்த மாதம் குறைமாதத்தில் பிறந்த மூன்று குழந்தைகளும் போய்விட்டன, பெட்டி இப்போதைக்கு வேண்டாம், சிரமத்துக்கு மன்னிக்கவும். இயக்குநர் அம்மா அதைப் படித்துவிட்டு வெகுநேரம் கண்ணாடியைக் கழற்றவில்லை. மறுநாள் காலை மூன்றாவது மேசையில் நாற்பது கடிதங்கள் பிரித்து அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் நர்ஸின் கையெழுத்தில், எங்கே, யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற குறிப்பு. அந்த வாரத்திலிருந்து மற்ற நால்வரும் பைல்களைத் திறந்தார்கள்.

ஒரு வருடம் கழித்து நர்ஸே நேரில் வந்தார். விரலில் மை ஒட்டியிருந்தது. தினமும் காலையில் இப்படித்தான் இருக்கிறது, தேய்த்தாலும் போவதில்லை என்றார். மூன்றாவது நாற்காலியில் குனிந்து எழுதிக்கொண்டிருந்த தன்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நிமிர்ந்து பார்க்கக்கூட அதற்கு நேரமில்லை.

“வேலை இல்லன்னு அனுப்பிட்டீங்க. அப்புறம் எதுக்கும்மா என்னை விடாம வேலை வாங்குறீங்க?”

இயக்குநர் அம்மா எழுந்து நின்றார். “நான் உங்களை அன்னிக்கே எடுத்திருக்கணும். பெட்டி போய்ச் சேராம செத்த அந்த மூணு குழந்தைங்களும் அப்ப வயித்துல கூட இல்ல.”

இன்றைக்கே சேர்ந்துகொள்ளுங்கள், நாற்காலியில் இருப்பவரை எழுப்பி இடம் தருகிறேன் என்று அந்த அம்மா சொன்னதும் நர்ஸ் தடுத்தார்.

“அவங்களை எழுப்பாதீங்க. பக்கத்துல இன்னொண்ணு போடுங்க.”

மற்ற நால்வருக்கும் ஆள் அனுப்பப்பட்டது. இருவர் வந்தார்கள். ஒருவர் வெளிநாடு போயிருந்தார். இன்னொருவர் இறந்துபோயிருந்தார், ஆனால் அவர் மேசையில்தான் கடிதம் தேங்குவதே இல்லை. உட்கார இடம் போதாததால் தச்சரிடம் மூன்று நாற்காலிகள் சொல்லப்பட்டன. வருகைப் பதிவேட்டில் நர்ஸுக்கு இரண்டு வரி. ஒருவர் ஊர் ஊராகப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். மற்றவர் விடுப்பே எடுத்ததில்லை.