உள்பக்கச் சாவி

"சீக்கிரம் திறம்மா. மாப்பிள்ளை எவ்வளவு நேரம்தான் உக்காந்திருப்பார்?" என்றார் அண்ணன்.

பூட்டு ரிப்பேர்க்காரி கருவிப் பையைத் தரையில் வைத்தாள். புருஷனை விட்டு வந்தவள் என்பதால் அண்ணன் வீட்டில் அவளை நல்லது எதற்கும் கூப்பிட மாட்டார்கள். இன்று கூப்பிட்டிருந்தார்கள். புருஷனோடு திரும்பிப் போக மாட்டேன் என்று அண்ணன் மகள் அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு சாவியையும் உருவி வைத்துக்கொண்டாள். மாற்றுச் சாவி எப்போதோ தொலைந்துபோயிற்று. கதவை உடைத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். வேறு ஆளைக் கூப்பிட்டால் வெளியே போய்ப் பேசுவான். கூடப் பிறந்தவள் என்றால் பூட்டும் திறக்கும், வாயும் மூடியிருக்கும்.

கூடத்தில் மாப்பிள்ளை செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். சூடான இஸ்திரிப் பெட்டியைப் பெண்டாட்டியின் முழங்கையில் வைத்து அழுத்திய கை அதுதான். அந்தக் கையில் அண்ணி காபியைக் கொடுத்து, சர்க்கரை போதுமா என்றும் கேட்டாள்.

"ஏதோ கோவத்துல நடந்துபோச்சு" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. "கஷ்டப்பட்டாத்தானே பொண்ணுங்களுக்குப் பக்குவம் வரும்? உங்க நாத்தனாரையே பாருங்க சம்பந்தி. அன்னிக்கு அவ்வளவு பட்டாங்க. இன்னிக்குச் சொந்தக் கடை, நாலு பேர் மதிக்கிறாங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் அண்ணன். "இவ புருஷன் இவளை ரூம்ல போட்டுப் பூட்டி வச்சான். அந்த வைராக்கியத்துலதான் இவ பூட்டுத் தொழிலே கத்துக்கிட்டா."

"அப்போ அவருக்கு ஒரு பாராட்டு விழா எடுத்துடலாமா அண்ணே?"

அண்ணனுக்கு அது காதில் விழவில்லை. அவருக்கு வேண்டாதது எதுவும் எப்போதும் விழுந்ததில்லை. "அவளுக்குப் புத்தி சொல்லு. நீ சொன்னா கேப்பா."

அவள் கதவின் முன் மண்டியிட்டாள். பூட்டிய அறையில் அவள் கிடந்த நாளில் இதே அண்ணன் வெளியே வந்து நின்றார். "கொஞ்சம் பொறுத்துப் போம்மா" என்று கதவிடம் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஜன்னல் கொக்கியைப் பிடுங்கி, விரல் கிழியக் கிழியப் பூட்டைக் கழற்றி அவளேதான் வெளியே வந்தாள். பக்குவம் என்று ஏதாவது வந்ததென்றால் அது வெளியே வந்த பிறகு, வயிற்றுக்கு வழி தேடியபோது வந்தது. அறை கொடுத்தது வேறு. இன்றுவரை கதவைச் சாத்திக்கொண்டு அவளால் தூங்க முடியாது. குளிக்கும்போதுகூடத் தாழ்ப்பாள் போடுவதில்லை. அந்தப் பரிசைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

"கண்ணு, அத்தை வந்திருக்கேன்."

"உங்களையுமா கூட்டிட்டு வந்துட்டாங்க?" என்றது உள்ளேயிருந்து குரல்.

அவள் பையிலிருந்து ஒரு மெல்லிய தகட்டை எடுத்துச் சாவித்துளையில் ஆழமாகச் செருகி, அப்படியே ஒடித்தாள்.

"என்ன சத்தம்? திறந்துடுச்சா?" என்று அண்ணி ஓடி வந்தாள்.

"இல்ல அண்ணி. வெளித்துளையை அடைச்சுட்டேன். இனிமே இந்தப் பக்கத்துலேருந்து எந்தச் சாவியும் போகாது. உள்பக்கம் நல்லாத்தான் இருக்கு. அவளுக்குத் தோணினா அவளே திறப்பா."

"உனக்கென்ன பைத்தியமா?" என்று அண்ணன் கத்தினார்.

"வேணும்னா உடைச்சுக்குங்க. சுத்தியல் பையிலதான் இருக்கு. தெருவுக்கு நல்லாக் கேக்கும்."

சுத்தியலை யாரும் தொடவில்லை. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

அப்போது உள்ளே சாவி திரும்பியது. ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கதவு திறந்தது.

"அத்தை மட்டும் வாங்க."

அண்ணன் முன்னால் பாய்வதற்குள் அவள் உள்ளே நுழைந்து கதவை முதுகால் தள்ளி மூடினாள். முழங்கையில் துணி சுற்றிய பெண் சாவியோடு தயங்கினாள்.

"பூட்டட்டுமா அத்தை? உங்களுக்கு ஆகாதே."

அத்தை சாவியைப் பார்த்தாள். அது இருந்த கையைப் பார்த்தாள்.

"பூட்டு."

பூட்டு விழுந்தது. அவள் முதுகைக் கதவிலிருந்து எடுக்கவில்லை.

"அப்பா என் போனைப் பிடுங்கி வச்சுக்கிட்டார் அத்தை."

அவள் தன் போனை எடுத்து, போலீசுக்கான எண்ணை அழுத்தி, அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள்.

வெளியே அண்ணன் கதவைத் தட்டினார். குரல் குழைந்திருந்தது. "கொஞ்சம் பொறுத்துப் போம்மா..."

"நீங்க கொஞ்சம் பொறுங்க அண்ணே" என்றாள் அவள். "மணி அடிச்சிட்டிருக்கு. இப்ப எடுத்துடுவாங்க."